ரிட்சுவின் முன்மடிப்பு

பேய்களுக்குப் பிப்ரவரியில்தான் வேலை அதிகம். கோடை வெக்கையில் புழுங்கும் சனங்கள் தியேட்டரில் உட்கார்ந்து முதுகு சில்லிட்டுப்போக வேண்டும் என்பதற்காகவே பேய்ப்படங்கள் ஆகஸ்டில் வெளிவருகின்றன. ஆகஸ்டில் வர வேண்டியதைப் பிப்ரவரியில் பிடித்தால்தான் உண்டு. அதனால் கியோட்டோவின் அந்த ஸ்டூடியோக் கொட்டகையில், பேயாக நடிக்கும் செய்ரா ஒற்றைப் பருத்தி அங்கியோடு விறைத்துக்கொண்டு நின்றாள். போதாக்குறைக்கு அவள் வாயில் ஒரு பனிக்கட்டி.

அதை உள்ளங்கையில் துப்பிவிட்டு, தனக்கு உடை உடுத்திக்கொண்டிருந்தவளிடம், மரியாதைக்குச் 'சான்' சேர்த்துக் கேட்டாள். "மிசாவோ சான், இது எதுக்குன்னு சொல்லிட்டாவது கொல்லுங்க."

"பேய் மூச்சு விடாதுல்ல? வாய் சூடா இருந்தா புகை வரும், கேமராவுல பளிச்சுனு தெரியும். வாய்க்குள்ளயும் வெளியில இருக்கற குளிரே இருந்துட்டா புகை வராது."

"அதுக்குள்ள நான் நிஜமாவே போய்ச் சேர்ந்துடுவேன். உங்களுக்கும் மேக்கப் செலவு மிச்சம்."

"வாயை மூடு. ஐஸை உள்ள போடு. வலது மேலே."

கடைசி இரண்டு சொற்கள் செய்ராவுக்குச் சொன்னவை அல்ல. மிசாவோ பேய்க்கு உடை உடுத்தும்போதெல்லாம் அவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். ஏதோ மந்திரம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது தன் கைக்கு அவள் போடும் அதட்டல்.

கிமோனோவுக்குப் பொத்தான் கிடையாது. முன்பக்கத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, இடுப்பில் கட்டிவிடுகிறோம். உயிரோடிருப்பவருக்கு, அவருடைய வலப்பக்கத்துத் துணி உள்ளே போகும், இடப்பக்கம் மேலே வரும். ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் இதுதான். வலப்பக்கம் மேலே வருவது ஒரே ஒரு நாள், சவப்பெட்டியில் படுக்கிற நாள். குளியலுக்குப் பிறகு யாராவது அவசரத்தில் மாற்றி மடித்துக்கொண்டு வந்துவிட்டால் வீடே அலறும். ஐந்து வயதுப் பிள்ளைகூட, "ஐயோ, செத்துட்டீங்களா?" என்று கேட்டுச் சிரிக்கும்.

மிசாவோவுக்கு இப்படி ஒவ்வோர் அடையாளமும் எப்படி வேலை செய்கிறது என்று யோசிப்பதில் தீராத ஆசை. பேயின் அவிழ்ந்த கூந்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பெண்கள் கொண்டை போடாமல் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தால் நோய்ப்படுக்கை, இல்லையென்றால் சாவு. ஆகவே அவிழ்ந்த கூந்தலோடு ஒருத்தி எதிரே வந்தால் அவள் எங்கேயிருந்து எழுந்து வருகிறாள் என்று சொல்லவே வேண்டியதில்லை. கால் இல்லாததும் அப்படித்தான். ஓவியர்கள் பேயை இடுப்புக்குக் கீழே மையைக் கரைத்துக் கரைத்து ஒன்றுமில்லாமல் விட்டார்கள். மேடைக்காரர்கள் அங்கியின் அடியைக் கூம்பாக நீட்டித் தைத்துக் காலை மறைத்தார்கள். யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. சினிமாவில் அதற்குச் சக்கரம் வைத்த பலகை. செய்ரா அதன்மேல் நிற்பாள், அங்கியின் அடி தரையில் புரளும், இரண்டு பேர் கயிற்றால் இழுப்பார்கள். தோள் ஏறி இறங்காமல் ஓர் உருவம் நகர்ந்து வந்தாலே போதும், பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார்.

இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் பேய்ப்படம் எடுத்தாலும் முகத்தை மறைக்கும் கருங்கூந்தலும் வெள்ளை உடையும் வந்துவிடுகின்றன. ஆனால் அந்த வெள்ளை உடை பெரும்பாலும் கவுன். கவுனுக்கு முன்மடிப்பு கிடையாது. வெளிநாட்டார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, செத்தவளா உயிரோடிருப்பவளா என்று சொல்லும் ஒரே அடையாளத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். டைரக்டர் கயமாவுக்கு அது பொறுக்கவில்லை. கதை நடப்பது லிஃப்டும் இரும்புக் கதவுகளும் உள்ள அடுக்குமாடிக் கட்டடம். ஆனால் பேய் மட்டும் பழைய அங்கியில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். "மடிப்பை மட்டும் மிசாவோ சான் பார்த்துப்பாங்க. முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை தப்பினது கிடையாது," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை தப்பியிருந்தது. அது படத்தில் அல்ல.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மிசாவோவின் தங்கை ரிட்சு, தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தாள், எழவில்லை. முப்பத்தெட்டு வயது. அக்காவும் தங்கையுமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள். சாவுக்காரியங்கள் செய்ய வந்தவர் உடை உடுத்தப் போனபோது மிசாவோ தடுத்தாள். "இந்தக் கையால ஆயிரம் பேருக்குக் கட்டியிருக்கேன். என் தங்கச்சிக்கு நானே கட்டறேன்."

அந்த மாதம் முழுக்க ஸ்டூடியோவில் சந்தைக்காட்சி. தினம் நாற்பது பேருக்கு, விடியற்காலையிலிருந்து, இடது மேலே, இடது மேலே, இடது மேலே. அழுத கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கை தன் பழக்கத்தில் வேலையை முடித்தது. மார்பின்மேல் பூக்களை அடுக்கினார்கள். பெட்டியின் மூடியில் முகம் பார்க்க ஒரு சிறு சன்னல் உண்டு. எரியூட்டும் இடத்தில் கடைசியாக அதன் வழியே குனிந்து பார்த்தபோது, ஒரு சாமந்தி சரிந்து, கழுத்தடி தெரிந்தது. இடது மேலே. அவள் வாய் திறப்பதற்குள் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. பிறகு நீளக் குச்சிகளால் எலும்பு பொறுக்கினார்கள். எலும்பில் எந்த மடிப்பும் இல்லை.

சாவு வீட்டில் எல்லாவற்றையும் புரட்டித்தான் செய்கிறோம். வெந்நீரில் தண்ணீர் விளாவாமல் தண்ணீரில் வெந்நீரை விளாவுகிறோம். தலைமாட்டுத் திரையைத் தலைகீழாக நிறுத்துகிறோம். இது உன் பழைய நாள் இல்லை, நீ கிளம்பியாயிற்று என்று போகிறவருக்கு நாம் சொல்வது அது. ரிட்சுவுக்கு மட்டும் அவளுடைய அக்கா வேறு சேதி சொல்லி அனுப்பிவிட்டாள். போய்விட்டு வா என்று உடுத்தி அனுப்பிவிட்டாள்.

அவளும் வந்தாள். ஏழாம் நாளிலிருந்து, மாலை ஐந்து நாற்பதுக்கு, தபால் நிலையத்திலிருந்து திரும்பும் அதே நேரத்தில், வாசல் கல்லில் மரச்செருப்புச் சத்தம் கேட்கும். டக், டக், டக். கதவு திறக்காது. ஆனால் நடையில் வாசலைப் பார்த்து ஒழுங்காக வைத்திருந்த அவளுடைய சிவப்பு வாருள்ள மரச்செருப்பு, உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். உயிரோடிருந்தபோதும் ரிட்சு அப்படித்தான். கழற்றியதைத் திருப்பி வைக்கவே மாட்டாள், மிசாவோவும் திட்டாத நாள் கிடையாது. செருப்பைத் தூக்கிப் போட மிசாவோவுக்கு மனம் வரவில்லை. வெறுங்காலோடு வருவாளே.

பேய்க்குக் கால் கிடையாது. இவளுக்குக் கால் இருந்தது. அதிலிருந்து மிசாவோ கண்டுகொண்டாள், தான் செத்துப்போனது ரிட்சுவுக்கு இன்னும் தெரியாது. கோயிலில் சொன்னாள், ஓதினார்கள். வெள்ளை அங்கி ஒன்று தைத்து, சரியாக மடித்து, ரிட்சுவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். மறுநாளும் ஐந்து நாற்பது. சாம்பலாகிப்போன துணியை யாரால் திருப்பி மடிக்க முடியும்? அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது. ஒன்பது வருடமாக மணி ஐந்து அடித்தால் மிசாவோ ஸ்டூடியோவில் இருப்பதில்லை. வேறு எதற்கும் வளைவாள், அதற்கு மட்டும் மாட்டாள்.

அன்றைக்குச் செய்ராவின் விக் சிக்கிக்கொண்டது. சரிசெய்து முடிக்க மணி ஐந்தே கால். கயமா கைகூப்பினான்.

"ஒரே ஷாட், மிசாவோ சான். கயிறு இழுக்கறப்போ முன்மடிப்பு நகர்ந்துச்சுன்னா சரிபண்ண நீங்க இல்லாம முடியாது. ஆறே செகண்டு."

நின்றாள்.

கொட்டகைக்குள் கட்டியிருந்தது அடுக்குமாடிக் கட்டடத்தின் நடை. இரண்டு பக்கமும் கதவுகள், கடைசியில் இருட்டு. செய்ரா பலகையில் ஏறினாள். ஐஸை விழுங்கினாள். கயிறு இழுபட, வலது ஓரத்திலிருந்து கேமராவை நோக்கிச் சாய்வாக நகர்ந்து வந்தாள். நல்ல ஷாட். முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றி வைத்தார்.

"யாருப்பா அது மரச்செருப்பு போட்டுக்கிட்டு செட்டுக்குள்ள நடக்கறது? டக்கு டக்குனு அப்படியே மைக்குல விழுது!"

எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். ரப்பர் செருப்புகள்.

"குரல் தேவையில்லாத ஷாட்தானே, விடுங்க," என்றான் கயமா.

மிசாவோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தொன்று. வீட்டில் விளக்கு எரியவில்லை. அக்காவைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்துவிட்டாளா? நடையின் கடைசியில் இருட்டைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து, மதியம், எடிட்டர் டோனோ கூப்பிட்டார். ரொட்டிக்குள் இனிப்புப் பயறு வைத்துத் தின்றுகொண்டே படத்தை வெட்டுகிறவர். அவருடைய அறையில் மானிட்டரும் ரொட்டித் துணுக்குகளும்தான் உண்டு.

"உக்காருங்க. ஒரு சிக்கல். முன் ஷாட்ல நாயகி திரையோட இடப்பக்கம் பார்த்து அலறுது. அப்ப பேய் இடது ஓரத்துலேர்ந்து வரணுமா இல்லையா? நம்ம ஆளு வலதுலேர்ந்து வர்றா. ரெண்டையும் ஒட்டினா, ரெண்டு பேரும் வேற யாரையோ பார்க்கற மாதிரி இருக்கு."

"கண்ணாடியில பார்க்கற மாதிரி திருப்பிட்டா சரியாயிடும்."

"திருப்பிடலாம். கதவு நம்பரை அழிச்சுக்கலாம். ஆனா திருப்பினா..."

"முன்மடிப்பும் திரும்பிடும்."

"அதேதான். பேய்க்கு உயிர் வந்துடும். பேய்ப்படத்துல பேய் குளிச்சுட்டு உலாவப் போற பொண்ணு மாதிரி நின்னா நாட்டுல பாதிப் பேரு சிரிப்பாங்க. திட்டு உங்களுக்குத்தான் விழும், எனக்கில்ல. செட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு, மறுபடி எடுக்கணும்னு கயமாகிட்ட சொல்லிடறேன்."

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டோனோ ஷாட்டை ஓட விட்டார். செய்ரா நகர்ந்து வந்தாள். வலது மேலே, கச்சிதமாக.

"ஆனா மிசாவோ சான், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது." அவர் படத்தை நிறுத்தி, ரொட்டி ஒட்டிய விரலால் மானிட்டரின் மூலையைத் தொட்டார். "பின்னாடி நிக்க வெச்ச இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி? முப்பத்தோரு வருஷம் முப்பத்தோரு வருஷம்னு பீத்திக்கிறான் அந்தப் பய. இதோ, இவளுக்கு இடது மேலே இருக்கு."

நடையின் கடைசியில், இருட்டுக்கு ஒரு சாண் முன்னால், வெள்ளை அங்கியில் ஒருத்தி நின்றிருந்தாள். முகம் தெளிவில்லை. ஆனால் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, கடைத்தெருவில் துணையைத் தவறவிட்டவள்போல அவள் தேடுகிற விதத்தை மிசாவோ அறிவாள். கீழே, சிவப்பு வாருக்குள், இரண்டு பாதங்கள்.

பின்னால் யாரையும் நிற்க வைக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவள் மனம் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, நிதானமாக, ஒரு தையலைப் பிரித்துப் பார்ப்பதுபோல. கண்ணாடிபோல் திருப்பினால் ஒரு மடிப்பு மட்டும் திரும்பாது. படத்திலுள்ள எல்லாமே திரும்பும். வலது மேலே இருப்பது இடது மேலே வரும். இடது மேலே இருப்பது...

மறுபடி எடுத்தால் இந்த ஷாட் குப்பைக்குப் போகும். அவளும் அதோடு போவாள். நாளைக்கு ஐந்து நாற்பதுக்கு மறுபடி வருவாள். திருப்பினால் செய்ராவின் முன்மடிப்பு ஊர் முழுக்கப் பார்க்கிற தப்பாக, மிசாவோவின் பெயரோடு, எல்லாத் தியேட்டரிலும் நிற்கும்.

"திருப்பிடுங்க," என்றாள்.

டோனோ மெல்லுவதை நிறுத்தினார். "விளையாடறீங்களா? திருப்பினா தப்பாயிடும்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க."

"தப்பு என்னோடது. யார் கேட்டாலும் மிசாவோதான் திருப்பச் சொன்னான்னு சொல்லுங்க. மறுபடி எடுக்க வேணாம்."

"பேர் கெட்டுடும்மா."

"தெரியும். திருப்புங்க, டோனோ சான். எனக்காக."

அவர் தோளைக் குலுக்கி ஒரு விசையைத் தட்டினார். நடை புரண்டது. வலப்பக்கத்துக் கதவுகள் இடப்பக்கம் போயின. ஷாட் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

செய்ரா இப்போது இடப்பக்கத்திலிருந்து வந்தாள், மார்பில் உயிருள்ளவளின் மடிப்போடு. மிசாவோ அவளைப் பார்க்கவில்லை. கடைசியில் நின்றிருந்தவளின் மார்பில் வலது பாதி மேலே வந்திருந்தது. முதல் தடவை ஓடியபோது அவள் நிமிர்ந்தே நின்றிருந்தாள். இப்போது மெல்லத் தலையைக் குனிந்தாள். தன் முன்மடிப்பைப் பார்த்தாள். ஒரு கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேமராவின் பக்கம், அதற்குப் பின்னால் அன்றைக்கு மிசாவோ நின்றிருந்த இடத்தைப் பார்த்து, நிமிர்ந்தாள். கோபமில்லை. அப்படியா, என்று கேட்பது போன்ற ஒரு பார்வை. அவளுடைய அங்கியின் அடி, தண்ணீரில் கரைகிற மைபோல, கீழேயிருந்து கலைந்துகொண்டே வந்தது. பாதங்கள் இல்லை.

ஆறு செகண்டு முடிந்தது.

"அட," டோனோ மானிட்டரை நெருங்கிப் பார்த்தார். "முன்னாடி காலு தெரிஞ்சுதே. அந்த மூலையில வெளிச்சம் சரியில்ல போல." அவர் அடுத்த ரொட்டியைப் பிரித்தார். தின்னாமலே அதை மேசையில் வைத்துவிட்டார்.

அன்று நாலு மணிக்கே வீட்டுக்குப் போய் நடையில் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்தைந்து. பக்கத்து வீட்டில் யாரோ முள்ளங்கி நறுக்கினார்கள். ஆறு. செருப்பு வாசலைப் பார்த்தபடியே இருந்தது. ஒன்பது வருடமாக எதற்காக வேண்டிக்கொண்டாளோ அது நடந்துவிட்டது. வீடு இவ்வளவு பெரியது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கை தன்னையறியாமல் செருப்பை உள்பக்கம் திருப்பப் போனது. பழக்கப்பட்ட கை, எதையும் கேட்காமல் செய்கிற கை. மிசாவோ அதை இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினாள். இந்தத் தடவை சரியான நேரத்தில் பிடித்துவிட்டாள்.

ஜூலையில் படக்குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். சின்ன மானிட்டரில் கயமாவின் கண்ணுக்குத் தப்பியது பெரிய திரையில் தப்பவில்லை. விளக்கு போட்டதும் நேரே அவளிடம் வந்தான். பிரதிகள் தியேட்டர்களுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

"மிசாவோ சான். நடைக் காட்சி. முன்மடிப்பு..."

"என் தப்பு."

"டோனோ உங்ககிட்ட கேட்டாராமே. நீங்கதான் திருப்பச் சொன்னீங்களாமே."

"ஆமா."

"ஏன்?"

அவள் தலைதாழ்த்தி வணங்கினாள், நிமிரவில்லை. அவன் திரும்பிப் போனான். அவனுடைய அடுத்த படத்துக்கான பட்டியலில் உடைக்கு எதிரே வேறொருத்தியின் பெயர் இருந்தது. செய்ரா மட்டும் போன் பண்ணினாள். "பேயா நடிச்சு எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு, ஒரு ஷாட்ல உயிரோட இருக்கேங்கறதுதான். ஐஸை வீணா முழுங்கினேன்!"

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, இறந்தவர்கள் விருந்தாளிகளாக வீட்டுக்கு வரும் நாட்களின் முதல் நாள், மிசாவோ பகல் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். தியேட்டர் குளுகுளுவென்றிருந்தது. நடைக் காட்சி வந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள்.

"ஏய், பாரு, பாரு. மடிப்பைப் பாரு."

"கண்றாவி! பேய்க்கு இடது மேலே கட்டிவிட்டிருக்காங்க. எவ கட்டினா இதை?"

"நான்தாங்க," என்றாள் மிசாவோ, பின்னாலிருந்து. இருவரும் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, திரைப்பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அவள் பேயின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நடையின் கடைசியில் யாருமில்லை. சுவர், கதவு, இருட்டு. அங்கே நிற்க வேண்டியவள் நின்றுவிட்டுப் போயாயிற்று. தப்பு மட்டும் மிசாவோவின் பெயரில், பத்தடி உயரத்தில், எல்லோரும் பார்க்க நின்றது. ஆறு செகண்டு.

திரும்பும் வழியில் ஒரு கட்டு சணல் தண்டு வாங்கினாள். இறந்தவர்களுக்கு வழி தெரிவதற்காக வாசலில் அதைக் கொளுத்துவது எல்லா வீட்டிலும் உண்டு. அவள் வீட்டில் ஒன்பது வருடமாகக் கொளுத்தியதில்லை. தினமும் வந்து நிற்பவளை எங்கிருந்து அழைப்பது? இன்றைக்கு ஒரு மண்தட்டில் தண்டுகளை அடுக்கி, தீக்குச்சியைக் கிழித்தாள். சிறிய, சத்தமில்லாத தீ. அந்தி வெளிச்சத்தில் புகை நேரே எழுந்து, கூரையோரம் தயங்கி, திறந்திருந்த கதவு வழியே உள்ளே திரும்பியது.

மிசாவோ காது கொடுத்தாள். வாசல் கல்லில் எந்தச் சத்தமும் இல்லை.

"வா," என்றாள் உள்பக்கம் பார்த்து. "செருப்பு வேணாம் உனக்கு."